ஊர்க்கால் எல்லாம் பார்த்தவள்

காலை இறக்க முடியாது தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க அந்த ஓரமா உக்காருங்க, நான் கொஞ்சம் ஒடுங்கிக்கிறேன். கண்டக்டர்கிட்டச் சொல்லியாச்சு. கால் தொங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா உத்தரவு. இடிச்சிராதீங்க, அவ்வளவுதான். மத்தபடி சவுகரியமா உக்காருங்க.

எந்த ஊரு? நத்தமா? சரியாப் போச்சு, நமக்கு அதுக்கு அங்கிட்டு, சிங்கம்புணரி. சேவுகமூர்த்தின்னா யாருக்கும் தெரியும். பெயிண்ட், பைப், பூட்டு, தாழ்ப்பாள், எல்லாம் நம்ம கடையிலதான். முன்னாடி டிரைவருக்குப் பின் சீட்டுல பச்சைச் சேலை கட்டி உக்காந்திருக்குதுல்ல, அது நம்ம வீட்டம்மா. இந்திராணி. பள்ளிக்கூடத்து டீச்சர். மெதுவாத்தான் பேசணும் தம்பி, அவளுக்குப் பாம்புக் காது.

கால்ல போட்டிருக்குற கட்டைப் பாத்துட்டு என்னமோ பெரிய விபத்துன்னு நெனச்சிராதீங்க. பாதயாத்திரை வந்தோம். பழனிக்கு. வழியில ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு. அம்புட்டுத்தான். ஆனா எனக்குக் கால்வலியை விட மனவலிதான் தம்பி பெருசு. ஊர்ல உள்ள காலையெல்லாம் பாத்தா எம்பொண்டாட்டி. ஒவ்வொரு காலா மடியில தூக்கி வச்சுக் கழுவி, தொடைச்சு, கட்டுப் போட்டா. என் காலை மட்டும் பாக்கல. இதை யார்கிட்டப் போயிச் சொல்றது? சொல்லுங்க.

நீங்களே கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க.

எங்க குருசாமி அழகுமலைன்னு பேரு. நல்ல மனுசன், ஆனா அவருக்குத் தார் ரோடு ஆகாது. பஸ்ஸு லாரி நெரிசல்ல நடந்தா பக்தி கெட்டுப் போகும்னு சொல்லி, எங்களை வண்டிப் பாதை, கம்மாக்கரை, கரட்டு ஓரம்னே கூட்டிட்டுப் போவாரு. மத்த கூட்டத்துக்கெல்லாம் ரோட்டோரம் மருத்துவ முகாம், மோர்ப்பந்தல், மாத்திரை, தைலம். எங்களுக்குக் கருவேல முள்ளும் ஓணானும்தான். சாமான் வண்டி ஒண்ணு மட்டும் ரோட்டு வழியாப் போயி, சாயங்காலம் தங்குற எடத்துல அடுப்பு மூட்டிக் காத்துக்கிட்டிருக்கும்.

இது தெரிஞ்சுதான் இவ ஒரு ஒயர்க்கூடையைத் தூக்கிக்கிட்டு வந்தா. சாரணர் இயக்கம்னு பிள்ளைகளை மலை, காடுன்னு கூட்டிட்டுப் போற டீச்சர் இவ. அந்தப் பழக்கம். கூடைக்குள்ள என்ன தெரியுமா? சோப்பு, துணி ரோல், சின்னக் கத்திரி, முள் எடுக்குற இடுக்கி, காயத்துக்குத் தடவுற அந்தக் காவி மருந்து ஒரு டியூப். ஒரு தண்ணி பாட்டிலு, அதோட மூடியில ஊசியால ஒரு ஓட்டை. நான் தாகத்துக்கு எடுத்துக் கவுத்துனேன், பீச்சியடிச்சுது பாருங்க மூக்குல. "அது குடிக்க இல்லங்க, காயத்தைக் கழுவ"ங்கிறா. மூடியில ஓட்டை போட்டு ஒரு பாட்டிலு! ஓட்டையை அடைச்சே வயித்தைக் கழுவுறவன் நான். எனக்கு எப்படி இருக்கும்?

"இந்தக் கூடைக்குப் பதிலா ரெண்டு பொட்டலம் இட்லிப்பொடி எடுத்துட்டு வந்திருக்கலாம்"னு சொன்னேன். "உங்க காலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இட்லிப்பொடியைத் தடவட்டுமா?"ன்னா. எல்லாரும் சிரிச்சாக. அப்ப ஒரு வார்த்தை விட்டுட்டேன் தம்பி. "சேவுகமூர்த்தி காலு இரும்பு. இதுல ஒண்ணும் ஏறாது"ன்னேன்.

அந்த வார்த்தைதான். சரி, அதுக்கு வருவோம்.

நத்தம் தாண்டவுமே காலுக வர ஆரம்பிச்சிருச்சு. கொப்புளம், முள்ளு, கல்லுக் கீறல். சாயங்காலமானா இவ ஒரு மரத்தடியில உக்காந்துருவா, வரிசை நிக்கும். முதல்ல இவ கையைச் சோப்புப் போட்டுக் கழுவுறது ஒரு சடங்கு. சாமிக்குப் பூசை பண்ற அய்யரு கூட அம்புட்டு நேரம் கழுவ மாட்டாரு. அப்புறம் ஒவ்வொரு காலா எடுத்து அந்த ஓட்டை மூடித் தண்ணியைப் பீச்சி, மண்ணு பூரா போற வரைக்கும் கழுவுவா. எங்க தெருவுல மளிகைக்கடை வச்சிருக்கான் வெள்ளைக்கண்ணு, அவன் வந்து, "மதினி, இந்தக் கொப்புளத்தை ஒரு குத்துக் குத்தி விடுங்க"ன்னான். "குத்தவே கூடாது. மேல இருக்குற தோலுதான் அதுக்கு மூடி. நீயாக் குத்துனா உள்ள அழுக்குப் போயிரும்"னு சொல்லி, துணியை வட்டமா வெட்டி நடுவுல ஓட்டை போட்டு, கொப்புளம் அழுந்தாத மாதிரி வச்சுக் கட்டி விட்டா. அவன் எழுந்து நாலடி நடந்து பாத்துட்டு, "அண்ணே, மதினி கை பட்டா பூ வச்ச மாதிரி இருக்குண்ணே"ங்கிறான்.

பூ வச்ச மாதிரியாம். நம்மகிட்ட வந்து சொல்றான்.

ஒரு கிழவருக்கு வரப்புல கல்லு கிழிச்சு ரத்தம் கொட்டுது. ஆளாளுக்கு ஓடியாறாக. ஒருத்தர் புகையிலைங்கிறாரு, ஒருத்தர் சுண்ணாம்புங்கிறாரு, சமையல்காரர் மஞ்சப்பொடி டப்பாவோடயே வந்துட்டாரு. இவ எல்லாரையும் ஒரு பார்வை பாத்தா. பிள்ளைகளைப் பாக்குற பார்வை. அம்புட்டுப் பேரும் பின்னாடி போயிட்டாக. சுத்தமான துணியை மடிச்சு வச்சு உள்ளங்கையால அமுக்கிப் புடிச்சா. அமுக்குனா, அமுக்குனா, எடுத்து எடுத்துப் பாக்கவே இல்ல. "நின்னுருச்சான்னு எட்டிப் பாத்தா நிக்காது. சோறு வேகும்போது மூடியைத் தொறந்து தொறந்து பாக்குற மாதிரிதான்"னா. கொஞ்ச நேரத்துல ரத்தம் நின்னுச்சு. அப்புறம்தான் கழுவுனா. மறுநா காலையில சாமான் வண்டியில ஏத்தி, "பக்கத்து ஆஸ்பத்திரியில ஒரு டிடி ஊசி போட்டுக்கிட்டு மதியம் வந்து சேருங்க"ன்னு அனுப்பிட்டா. கிழவர் கும்புட்டுட்டுப் போனாரு.

துணி ரோலு தீந்துபோச்சு. என்ன செஞ்சா தெரியுமா? என் வேட்டி. மாத்திக் கட்டுறதுக்குன்னு ஒரு நல்ல வெள்ளை வேட்டி, தீபாவளிக்கு எடுத்தது. கிழிச்சு, கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து, வெயில்ல கயிறு கட்டிக் காயப் போட்டுட்டா. கொதிக்க வச்ச பாத்திரம் எதுன்னு நெனைக்கிறீங்க? காப்பிப் பானை. சமையல்காரருக்கும் இவளுக்கும் பெரிய சண்டை. அப்புறம் நல்லா வெளக்கித்தான் வச்சா, இருந்தாலும் காலையில வெள்ளைக்கண்ணு ஒரு மடக்குக் குடிச்சுட்டு, "அண்ணே, உங்க வேட்டி திக்காத்தான் இருக்கு"ங்கிறான். ஊரே என் வேட்டியைக் காலுல கட்டிக்கிட்டு நடந்துச்சு தம்பி. எனக்கு ஒரு துண்டு இல்ல.

இப்ப என் கதைக்கு வர்றேன்.

கோபால்பட்டி தாண்டி ஒரு கரட்டுப் பக்கம். காலையில ஒதுங்கலாம்னு புதருக்குப் பின்னாடி போனேன். எந்தப் பாவி குடிச்சுட்டுப் போட்டானோ, பாட்டிலு உடைஞ்சு கெடந்திருக்கு. வெறுங்காலு. சதக்குன்னு இறங்கிருச்சு, வலது உள்ளங்கால்ல. உக்காந்து ஒரு பெரிய துண்டைப் புடுங்கிப் போட்டேன். ரத்தம். நல்ல ரத்தம்.

நியாயமா என்ன செய்யணும்? கூப்புட்டிருக்கணும். "ஏ இந்திராணி"ன்னா அந்தப் பக்கம்தான் நிக்குறா. ஆனா யோசிச்சுப் பாருங்க. இரும்புன்னு சொல்லியிருக்கேன். அந்த வெள்ளைக்கண்ணு இருக்கான். இட்லிப்பொடி கதை வேற இருக்கு. நான் எப்படிக் கூப்புடுறது?

நமக்கா வழி தெரியாது? ஓட்டை விழுந்தா அடைக்கணும். இது பைப்புக்கும் அதுதான், காலுக்கும் அதுதான். சமையல் சாமான்ல காப்பிப்பொடி டப்பா இருந்துச்சு. ஒரு கை அள்ளிக்கிட்டு வந்து காயத்துல வச்சு நல்லாத் திணிச்சேன். ரத்தம் கப்புன்னு நின்னுச்சு. மேல கைக்குட்டை. அதுக்கு மேல இன்சுலேஷன் டேப்பு. டார்ச் லைட்டு ஒயருக்குச் சுத்துறதுக்குன்னு பையில ஒரு ரோலு எப்பவும் வச்சிருப்பேன். கறுப்பு டேப்பு. நாலு சுத்து, அஞ்சு சுத்து. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது, ஒரு சொட்டு வெளிய வராது. தொழில் சுத்தம்னா தொழில் சுத்தம். அந்தக் கட்டை இப்பப் பாத்தாலும் நீங்க சபாஷ்னுதான் சொல்வீங்க.

"செருப்பு இல்லாம நடக்குறேன்னு சொன்னவரு டேப்பு சுத்தலாமா?"ன்னு வெள்ளைக்கண்ணு கேட்டான். டேப்பு செருப்பாகாதுன்னேன். "லேசா முள்ளு, அதுக்கு ஒரு பந்தோபஸ்து"ன்னேன்.

இவ கேக்கலைன்னு சொன்னா பொய். கேட்டா. கேட்டதுதான் சரியில்லை. அத்தனை பேரு வரிசையில நிக்கும்போது, "உங்க காலையும் காட்டுங்க, பாத்துருவோம்"ங்கிறா. புருசன்கிட்டக் கேக்குற முறையா இது? வரிசையில கடைசியா நின்னு நானும் காலைக் காட்டணுமா? "எனக்கு ஒண்ணுமில்ல, நீ ஊர்க்காலைப் பாரு"ன்னேன். அன்னைக்கு ராத்திரியும் பக்கத்துல வந்து, "வீம்பு பண்ணாதீங்க. உள்ள அழுக்கை வச்சு மூடுனா அது சும்மா இருக்காது. தொறந்து கழுவிட்டு மறுபடி நீங்களே கட்டிக்கங்க"ன்னா. "பைப்பு வேலையை எனக்குச் சொல்லித் தர்றியா?"ன்னு கேட்டேன். எந்திரிச்சுப் போயிட்டா.

அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கேக்கல தம்பி. ஒரு வார்த்தை. பொம்பளை மனசு அப்படி இறுகிப் போச்சு பாருங்க.

அதோட இவளுக்கு வயசும் ஆயிருச்சு. முதல் நாளெல்லாம் முன்னாடி பொம்பளைகளோட பாட்டுப் பாடிக்கிட்டு விறுவிறுன்னு போனவ, இப்ப எனக்குப் பின்னாடி, பத்தடி தள்ளி, நான் நின்னா நிக்குறா, நடந்தா நடக்குறா. தளர்ந்துட்டா. இந்த வெள்ளைக்கண்ணு வேற என் பக்கத்தை விட்டுப் போக மாட்டேங்கிறான். "அண்ணே, என் தோள்ல கையப் போட்டுக்கங்கண்ணே, எனக்குத் தனியா நடந்தா போரடிக்குது"ங்கிறான். துவரம்பருப்பு விலையைப் பத்தி நத்தத்துல ஆரம்பிச்சவன் திண்டுக்கல் வரைக்கும் முடிக்கல. ஒவ்வொரு தடவை உக்காரும்போதும், "காலு சுடுதாண்ணே? வீங்குதாண்ணே? குளிருதாண்ணே?" அப்படியே பின்னாடி திரும்பி இவளைப் பாக்குறது. என்ன சாடை பேசிக்கிட்டாகளோ.

உண்மையைச் சொன்னா சுடத்தான் செஞ்சுச்சு. விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. டேப்பு இறுக்கிப் புடிக்குது, காலு பன்னு மாதிரி உப்புது. வண்டியில ஏறலாமேன்னு கேப்பீங்க. ஏற முடியாது தம்பி. வேண்டுதல்.

கொஞ்சம் கிட்ட வாங்க. இதை அவகிட்டச் சொல்லிராதீங்க. போன ஆடியில இவளுக்கு வயித்துல ஒரு ஆபரேஷன். கட்டி. ஆபரேஷன் ரூமுக்குள்ள கொண்டுபோயிட்டாக, நான் வெளிய நிக்குறேன். கதவுக்குத் தாழ்ப்பாள் நம்ம கடையில வித்த மாடலு. அதையே பாத்துக்கிட்டு நின்னேன். எம்புட்டு நேரம்னு தெரியல. அப்பத்தான், "முருகா, இவளை நடக்க வச்சுக் குடுத்துரு, நான் வெறுங்கால்ல உன் மலைக்கு நடந்து வர்றேன்"னு சொல்லிட்டேன். கட்டியால பயமில்லைன்னு ரிப்போர்ட்டு வந்துருச்சு. ஆளு எந்திரிச்சுட்டா. இவகிட்ட, "கடை நல்லா ஓடணும்னு வேண்டியிருக்கேன், நடக்கப் போறேன்"னு சொன்னேன். பொண்டாட்டிக்காக நடக்குறேன்னு சொன்னா தெருவுல எவன் மதிப்பான்? "நீங்க போனா நானும் வர்றேன்"னு இவளும் கெளம்பிட்டா. இப்ப நான் பாதியில வண்டியேறி, நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா? அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நடந்தேன்.

ஒட்டன்சத்திரம் இன்னும் வரல. மதியம், ஒரு புளியந்தோப்பு. பக்கத்துல இன்னொரு ஊருக் கூட்டமும் காவடியோட தங்கியிருக்கு. நல்ல வெயிலு, எனக்கு மட்டும் குளிருது. பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. எதிர்ல நின்ன ஒரு அம்மா என்னையப் பாத்துட்டு, "அரோகரா! சாமி வந்துருச்சு!"ன்னு ஒரு சத்தம் போட்டா பாருங்க. அம்புட்டுத்தான். உறுமி அடிக்கிறான் ஒருத்தன். சூடம் ஏத்துறாக. நெத்தி பூரா திருநீறு.

எனக்கும் சாமிதான்னு பட்டுச்சு தம்பி. எங்க பங்காளிகள்ல யாருக்கும் வராத அருள் எனக்கு வருது, வேண்டாம்பேனா? நல்லாவே ஆடுனேன். ஒத்தக்கால்லதான் ஆடுனேன், அதையும் பாத்துட்டு, "ஆண்டி கோலத்துல ஒத்தக்கால்ல நிக்குறான்டா முருகன்"ங்கிறாக.

ஒரு விவசாயி வந்து விழுந்தாரு. "சாமி, தோட்டத்துல கிணத்தை ஆழப்படுத்தவா, போர் போடவா?"ன்னாரு. "போர் போடு. பைப்பு நல்ல பைப்பாப் போடு"ன்னு வாக்கு வந்துச்சு. கடைப் பேரும் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். சாமி வியாபாரம் பேசக்கூடாதுல்ல. அடுத்து ஒரு ஆளு. "சாமி, எம்பொண்டாட்டி ஒண்ணு சொல்றா, நான் ஒண்ணு சொல்றேன். வீட்டுல நிம்மதியே இல்ல. நான் என்ன செய்யட்டும்?"ன்னு அழுகுறாரு. நான் கண்ணை உருட்டிக்கிட்டு, "பொண்டாட்டி சொல்றதைக் கேளுடா! மறுபேச்சுப் பேசாம கேளுடா!"ன்னு கத்திப்புட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. சாமி வாயில என்ன வருதோ அதுதானே.

அப்பக் கூட்டத்தை விலக்கிக்கிட்டு இவ வந்தா. கையில ஒயர்க்கூடை. நேரா வந்து என் கழுத்துல புறங்கையை வச்சா. திரும்பிக் குருசாமியைப் பாத்து, "இது அருள் இல்ல சாமி. காய்ச்சல். இவரைப் படுக்க வைங்க"ன்னா.

உறுமி நின்னுபோச்சு. சூடத்தைக் கையில வச்சிருந்தவன் எங்க வைக்கிறதுன்னு முழிக்கிறான்.

படுக்க வச்சு, கால்மாட்டுல உக்காந்து, கையைக் கழுவுனா. அந்த நேரத்துலயும் அதே சோப்பு, அதே சடங்கு. எனக்கு எரிச்சலு. கத்திரியை வச்சு டேப்பை வெட்டுனா. தம்பி, நீங்க சாப்பிட்டாச்சா? சரி, ரொம்பச் சொல்லல. ஒரு வாடை வந்துச்சு. சுத்தி நின்ன அரோகராக் கூட்டம் பூரா ஆளுக்கு ரெண்டு எட்டுப் பின்னாடி போச்சு. இவ மட்டும் குனிஞ்சா. கணுக்கால்லருந்து மேல, சிவப்பா ஒரு கோடு போட்ட மாதிரி ஏறியிருந்துச்சு. அதை விரலால தடவிப் பாத்தா. அப்ப இவ கையிலருந்து கத்திரி நழுவி விழுந்துச்சு. ஊர்க்கால் எத்தனையோ பாத்த கை. அம்புட்டு ரத்தத்துலயும் எதையும் நழுவ விடாத கை. நடந்த களைப்பு, வேறென்ன.

"தண்ணி"ன்னா. பாட்டிலு தண்ணி பத்தல. "குடிக்கிற தண்ணி எல்லாரும் குடுங்க. கம்மாத் தண்ணி வேணாம். நம்ம குடிக்கிற தண்ணிதான் காயத்துக்கும்"னா. அவனவன் குடிக்க வச்சிருந்த தண்ணியைக் கொண்டாந்து குடுத்தான். குருசாமி தன் சொம்பையே குடுத்துட்டாரு. பீச்சுனா, பீச்சுனா. காப்பிப்பொடி கறுப்புக் கறுப்பா வருது. மதியச் சோறு கொண்டாந்த சமையல்காரர் எட்டிப் பாத்துட்டு, "அடப்பாவி, பொடி கொறைஞ்சது இங்கதானா"ங்கிறாரு. ஒரு கண்ணாடிச் சில்லு தண்ணியோட தானா வந்து விழுந்துச்சு. "உள்ள இன்னும் இருக்குற மாதிரி இருக்கு. நான் தோண்ட மாட்டேன். அது டாக்டர் வேலை"ன்னா.

"இறுக்கி மூடு"ன்னேன். "மூடுறதா? நீங்க மூடினது போதும்"னு சொல்லி, வேட்டித் துண்டு ஒண்ணு கடைசியா இருந்துச்சு, அதை லேசா மேல போத்துன மாதிரி சுத்தி விட்டா. பாருங்க, என் வேட்டி என் காலுக்கு வர இம்புட்டுப் பாடு.

"வண்டியக் கூப்புடுங்க. இப்பவே ஆஸ்பத்திரி"ன்னா. நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன். "முடியாது. நடந்து வர்றேன்னு சொல்லியிருக்கேன். தவழ்ந்தாவது மலைக்குத்தான் போவேன்"ன்னேன். குருசாமி சொன்னாரு, சாமி மன்னிக்கும்னு. கேக்கல. வெள்ளைக்கண்ணு கையப் புடிச்சு இழுத்தான், தட்டி விட்டேன். அப்ப அந்தப் பொண்டாட்டிப் பிரச்சினைக்காரரு, இன்னும் போகாம ஓரமா நின்னவரு, கும்புட்டுக்கிட்டே முன்னாடி வந்து, "சாமி, மறுபேச்சுப் பேசாம பொண்டாட்டி சொல்றதைக் கேக்கணும்னு நீங்கதான சாமி வாக்குக் குடுத்தீங்க?"ன்னாரு.

ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் தோப்பே சிரிச்சுச்சு. நான் என்ன செய்யிறது? என் வாக்குன்னா தட்டலாம். சாமி வாக்கைத் தட்ட முடியுமா? இவ குனிஞ்சு என் காதுல மட்டும் சொன்னா: "யாருக்காக நடக்குறீங்களோ அவளேதான் சொல்றேன். போதும். ஏறுங்க."

எப்படித் தெரிஞ்சுச்சு இவளுக்கு? நான் குருசாமிகிட்ட மட்டும்தான் சொன்னேன். அந்த வெள்ளைக்கண்ணு ஒட்டுக் கேட்டிருப்பான். ஒரு விசயம் தங்காது அவன் வயித்துல. அதான் உங்களைச் சொல்லிராதீங்கன்னு... சரி, அவளுக்குத்தான் தெரியுமே. இருந்தாலும் சொல்லிராதீங்க.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. காலைப் பாத்துட்டு, "இது என்ன கறுப்பா?"ன்னாக. காப்பிப்பொடின்னேன். "சிக்கரி கலந்ததா, கலக்காததா?"ன்னு கேக்குறாக. வைத்தியத்துக்கு வேணுமாக்கும்னு, "கலந்ததுங்க"ன்னேன். நர்சம்மா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாக. மரத்துப் போக ஊசி போட்டு, உள்ளருந்து இன்னொரு சில்லை எடுத்தாக. டிடி ஊசி, பாட்டில்ல மருந்து ஏத்துறது, எல்லாம் ஆச்சு. அங்கேயே பெட்டுல போட்டுட்டாக.

"வழியில யாரு கழுவுனது?"ன்னு கேட்டாக டாக்டரம்மா. இவளைக் காட்டுனேன். "நல்லா கழுவியிருக்கீங்க, மூடாம விட்டதும் நல்லது, சரியான நேரத்துல கொண்டு வந்தீங்க. இன்னும் ஒரு நாள் டேப்போட நடந்திருந்தா காலைப் பத்தி வேற மாதிரி பேச வேண்டியிருக்கும்"னாக. பாருங்க தம்பி, அப்பவும் பேரு இவளுக்குத்தான். அத்தனை தூரம் அந்தக் காலை வச்சு நடந்தது யாரு? அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. இவ வராண்டாவுக்குப் போயி, வெகுநேரம் கழிச்சு, மூஞ்சியக் கழுவிட்டு வந்தா. கண்ணு செவந்திருந்துச்சு. சோப்பு பட்டிருக்கும். எப்பப் பாத்தாலும் சோப்பு.

கூட்டம் பழனிக்குப் போயிருச்சு. இவ போகல. "உனக்கு என்ன, நீ நடந்து போயி மலையேறு"ன்னேன். "பாத்துக்கலாம்"னா. டாக்டரம்மா விட்டதும் ரெண்டு பேருமா பஸ்ஸுல பழனி வந்து சேந்தோம். மிச்ச நடையை முருகன் கணக்குல வச்சிக்கிருவான்னு குருசாமி போன்ல சொன்னாரு.

அடிவாரம் வந்தாச்சு. மலையை அண்ணாந்து பாக்குறேன். படி ஏறக்கூடாது, எனக்குத் தெரியும். ஆனா விஞ்ச் இருக்குல்ல? அதுல உக்காந்து போயிறலாம். அந்தப் பூசக் கூட்டத்துல இடிபடாம போகணும், இறங்குன பிறகு வரிசையில நிக்கணும், அது ஒரு விசயம். நான் சமாளிச்சிருவேன். அந்த நேரம் பாத்து இவ, "யம்மா"ன்னு முழங்காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. "என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியாதுங்க. முழங்கால் போயிருச்சு. விஞ்சுல ஏறுனா தலை சுத்தும். நீங்க வேணா போயிட்டு வாங்க. நான் இங்கனயே தனியா உக்காந்திருக்கேன்"ங்கிறா.

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு தம்பி. கரடு, காடெல்லாம் நடந்து வந்தவ, சாமி வாசல்ல வந்து முழங்கால் போச்சுன்னா? ஆபரேஷன் பண்ணுன உடம்பு வேற. இவளை விட்டுட்டு நான் மட்டும் போகவா? "நானும் போகல போ"ன்னு பக்கத்துல உக்காந்துட்டேன். புருசன்னா அதுக்குத்தானே. பஞ்சாமிர்தம் ஒரு டப்பா வாங்கி, ரெண்டு பேரும் அங்கனயே உக்காந்து மலையைப் பாத்துக்கிட்டே தின்னோம். வழிச்சு வழிச்சுத் தின்னா. முழங்கால் வலிக்காரி மாதிரியே இல்ல. மனசு தைரியம், வேறென்ன.

நான் சும்மா உக்காரல. கண்ணை மூடி வேண்டிக்கிட்டேன். வாயைத் தொறக்கல, மனசுக்குள்ளதான்.

அப்புறம் பஸ் ஸ்டாண்டு. நீங்கதான் பாத்தீங்களே கூட்டத்தை. திண்டுக்கல் வண்டி உள்ள திரும்புது, ஊரே ஓடுது. நான் தூணைப் புடிச்சுக்கிட்டு நிக்குறேன், இன்னைக்கு நின்னுக்கிட்டே போக வேண்டியதுதான்னு. தம்பி, இவ சேலையைத் தூக்கிச் சொருகுனா. ஓடுனா பாருங்க ஒரு ஓட்டம்! நிக்காத பஸ்ஸோட கூடவே ஓடி, சன்னல் வழியா அந்த ஒயர்க்கூடையை எறிஞ்சு, இந்தா நான் காலை நீட்டிக்கிட்டிருக்கேனே, இந்த முழுச் சீட்டையும் புடிச்சுப் போட்டா. தாவி ஏறுனதைப் பாத்தா இவ பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கூடத் தோத்துரும்.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. மலைகூட ஏறல தம்பி, அடிவாரத்துல உக்காந்து கேட்டதுக்கே குடுத்துட்டான் பாருங்க. இப்ப எனக்குள்ள ஒரே யோசனைதான், இதை இவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு. அந்த முழங்கால் சரியாயிருச்சுன்னா அடுத்த தைப்பூசத்துக்கும் வெறுங்கால்ல நடந்தே வர்றேன்னு வேண்டியிருக்கேன்.